காலை ஐந்து மணி ஜெபம் ஒன்பது மணிவரை வருமா?

சென்னையில் வேலை பார்க்கும் ஒரு சகோதரி கேட்ட கேள்வி இது: "தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து வேதம் வாசித்து ஜெபிக்கிறேன். ஆனால் ஏழு மணிக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பும்போதே கத்த ஆரம்பித்துவிடுகிறேன். ஒன்பது மணிக்கு ஆபீஸ் போய்ச் சேரும்போது, காலையில் முழங்காலில் நின்றது நான்தானா என்று சந்தேகமாக இருக்கிறது. ஜெபம் என் வாழ்க்கையைத் தொடவே இல்லையோ என்று தோன்றுகிறது. எங்கே தவறு?"

சகோதரி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளிடம் கத்திய பிறகு உங்களுக்கு உறுத்துகிறதே, ஜெபம் அங்கே தொட்டுவிட்டது. ஜெபிக்காமல் இருந்த நாட்களில் இந்த உறுத்தல் இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். "துதித்தலும் சபித்தலும் ஒரே வாயிலிருந்து புறப்படுகிறது" என்று யாக்கோபு எழுதியது வெளியாட்களுக்கு இல்லை, சபையில் இருந்தவர்களுக்கு. ஆக, இது உங்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. முப்பது வருடமாக எங்கள் சபையில் வேதபாட வகுப்பு எடுக்கிறேன். இதே கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். நானும் கேட்டிருக்கிறேன்.

ராத்திரி போனுக்குச் சார்ஜ் போடுவதுபோல, காலையில் ஜெபித்துப் பலம் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த உவமை நம்மை வேறு வழியில் கொண்டுபோய் விடுகிறது என்பது என் எண்ணம். வயரைக் கழற்றிய நிமிடத்திலிருந்து போனில் சார்ஜ் இறங்கத்தான் செய்யும். அப்படியே நினைத்துப் பழகினால், ஜெப அறையை விட்டு வெளியே வருவதே தேவனை விட்டு வருவதுபோல் ஆகிவிடுகிறது. பிள்ளைகள், சமையல், மின்சார ரயில், மேலதிகாரி எல்லாம் சார்ஜைத் தின்கிற காரியங்களாகத் தெரிகின்றன. வேதத்தில் ஜெபித்தவர்கள் அப்படி வாழவில்லை.

நெகேமியாவை எடுத்துக்கொள்ளுங்கள். சூசான் அரமனையில் பாரசீக ராஜாவுக்குப் பானபாத்திரக்காரன். பொறுப்பான உத்தியோகம், கவனம் சிதறக் கூடாத உத்தியோகம். எருசலேமின் மதில் இடிந்து கிடக்கிற செய்தி அவனுக்குக் கிடைத்தது கிஸ்லே மாதத்தில். அழுது, உபவாசித்து, ஜெபித்தான். ராஜா அவன் முகவாட்டத்தைக் கண்டு காரணம் கேட்டது நிசான் மாதத்தில். நடுவில் ஏறக்குறைய நான்கு மாதம். "நீ கேட்கிற காரியம் என்ன" என்று ராஜா நேராகக் கேட்டபோது, பதில் சொல்வதற்கு முன் அவன் பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணினான் என்று எழுதியிருக்கிறது. அந்த இடத்தில் முழங்கால் போட முடியுமா? கண்ணை மூடக்கூட முடிந்திருக்காது. ராஜா பதிலுக்குக் காத்திருக்கிறார். ஒரு மூச்சு இழுக்கும் நேரம்தான் இருந்திருக்கும். அந்த ஒரு மூச்சு ஜெபம் நான்கு மாதக் கண்ணீரிலிருந்து வந்தது. நான்கு மாத ஜெபம் அரமனைக்குள் நுழைந்ததும் அந்த ஒரு மூச்சு வழியாகத்தான். உங்கள் ஐந்து மணி ஜெபத்துக்கும் ஒன்பது மணி ஆபீசுக்கும் நடுவில் இப்படி ஒரு மூச்சு இல்லாமல் போயிருக்கலாம். தவறு என்று சொல்வதானால் அதைத்தான் சொல்வேன்.

சரி, அதைப் பழகுவது எப்படி? இதற்கு நான் எப்போதும் ஒரு நாவிதரின் கதையைச் சொல்வேன். ஜெர்மனியில் விட்டன்பர்க் நகரத்தில் பீட்டர் என்று ஒரு முடி திருத்துகிறவர் இருந்தார். மார்ட்டின் லூத்தரின் பழைய சிநேகிதர், லூத்தருக்கு முடி வெட்டிச் சவரம் செய்கிறவர். எனக்கு எப்படி ஜெபிப்பது என்று சொல்லிக்கொடுங்கள் என்று அவர் கேட்க, 1535-இல் லூத்தர் அவருக்காகவே ஒரு சின்ன நூல் எழுதினார். அன்றைக்கு ஐரோப்பா முழுவதும் பேர் பெற்றிருந்த ஒரு வேத பண்டிதர், சவரக் கத்தி பிடிக்கிற கைக்கு ஏற்றபடி எழுதிக்கொடுத்தது அது.

அதில் லூத்தர் தன்னைப் பற்றியே முதலில் சொல்கிறார். வேலையும் யோசனைகளும் மிகுந்து மனம் குளிர்ந்துபோகும்போது, சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவாராம். கற்பனைகளையும், அதாவது பத்துக் கட்டளைகளையும், விசுவாசப் பிரமாணத்தையும் ஒரு குழந்தை ஒப்பிப்பதுபோல வாய்விட்டுச் சொல்வாராம். காலையில் முதல் வேலையும் ராத்திரியில் கடைசி வேலையும் ஜெபமாக இருக்கட்டும் என்கிறார். "கொஞ்சம் பொறு, இன்னும் ஒரு மணி நேரத்தில் ஜெபிக்கிறேன், முதலில் இந்த வேலையை முடித்துவிடுகிறேன்" என்று மனம் சொல்லும், அதை நம்பாதே என்று எச்சரிக்கிறார். ஏறக்குறைய ஐந்நூறு வருடமாகியும் மனம் அதே வசனத்தைத்தான் நம்மிடமும் சொல்கிறது.

அப்புறம் பீட்டரின் தொழிலையே எடுத்துக் காட்டுகிறார். நல்ல நாவிதர் கண்ணையும் கருத்தையும் கத்தியிலும் முடியிலும் வைத்திருப்பார். ஊர்க்கதை பேசிக்கொண்டே சவரம் செய்தால் மூக்கையோ கழுத்தையோ அறுத்துவிடுவார். ஜெபத்துக்கும் அந்தக் கவனம் வேண்டும் என்கிறார். ஒரு குருவானவர் சங்கீத ஜெபத்தைச் சொல்லிக்கொண்டே நடுநடுவே, குதிரையை அவிழ்த்துவிட்டாயா, போய்ப் பாலைக் கற என்று வேலைக்காரர்களுக்கு உத்தரவு போடுவதையும் காட்டுகிறார். நம் வீடுகளில் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே ஸ்தோத்திரம் சொல்வதை நினைத்துக்கொண்டேன். சமையல் செய்துகொண்டு ஜெபிப்பதைத் தப்பு என்று சொல்லவில்லை. அதைப் பற்றிப் பிறகு வருகிறேன். முழு மனதும் ஒரு இடத்தில் நிற்கிற நேரம், குறைந்தது பத்து நிமிடம், நாளில் எங்காவது இருக்க வேண்டும். அங்கே பழகியதுதான் மற்ற வேலைகளுக்குள் கூடவே வரும்.

அந்த நூலில் எனக்கு அதிகம் உதவியது அவர் சொல்லித்தருகிற முறை. ஒவ்வொரு கற்பனையையும் நான்கு இழையாகப் பிரித்து ஒரு மாலைபோல் கட்டச் சொல்கிறார். இது எனக்கு என்ன கற்றுக்கொடுக்கிறது? இதற்காக எதற்கு நன்றி சொல்லலாம்? இதில் நான் எங்கே தவறினேன்? இப்போது எதைக் கேட்க வேண்டும்? நீங்கள் சொன்ன பிரச்சினையிலேயே இதை வைத்துப் பார்ப்போம். "கொலை செய்யாதிருப்பாயாக" என்ற கற்பனையை எடுங்கள். நமக்குச் சம்பந்தமில்லாதது என்று தாண்டிப்போகிற கற்பனை. ஆனால் இயேசு மலைப்பிரசங்கத்தில் அதைக் கோபத்தோடும், சகோதரனை வீணன் என்று சொல்வதோடும் சேர்த்துப் பேசினார். முதல் இழை: என் பிள்ளையின் உயிரும் மனதும் தேவனுக்கு விலையுள்ளது. இரண்டாவது: அந்த உயிரை என் கையில் கொடுத்ததற்கு நன்றி. மூன்றாவது: நேற்று ஷூ லேஸ் கட்டத் தெரியவில்லை என்பதற்காக "உனக்கு ஒன்றுமே வராதா" என்று சொன்னேன், அந்தப் பிள்ளையின் முகம் சுருங்கியது. நான்காவது: இன்று ஏழு மணிக்கு என் வாய்க்குக் காவல் வையும். இந்தக் கடைசி வரி தாவீதின் 141-ஆம் சங்கீதத்தில் இருப்பது.

இப்படி ஜெபித்தவருக்கு ஏழு மணி வரும்போது அது ஏற்கெனவே ஜெபித்த ஏழு மணி. அந்த ஷூ, அந்த லேஸ், அந்த முகம் எல்லாம் ஐந்து மணிக்கே தேவனுடைய முன்னிலையில் வைக்கப்பட்டுவிட்டன. "இந்த நாளை ஆசீர்வதியும், எங்கள் குடும்பத்தைக் காத்தருளும்" என்று பொதுவாக ஜெபிக்கும்போது இது நடப்பதில்லை. நாளைப் பெயர் சொல்லி, நேரம் சொல்லி, ஆள் சொல்லி ஜெபியுங்கள். பதினொரு மணிக்கு இன்னாரோடு மீட்டிங், போன முறை அவர் என்னை எல்லார் முன்னாலும் மட்டம் தட்டினார், அவர் மேல் எனக்குக் கசப்பு இருக்கிறது என்று உள்ளது உள்ளபடி சொல்லிவிடுங்கள்.

பீட்டருக்கு அப்புறம் என்ன ஆனது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. அதே 1535-இல், ஈஸ்டர் சமயத்தில், மகள் வீட்டில் சாப்பிடப் போன இடத்தில், குடிபோதையில் தன் மருமகனைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார். மரண தண்டனை கிடைத்திருக்க வேண்டிய குற்றம். லூத்தரும் மற்றவர்களும் பரிந்து பேசியதால் உயிர் தப்பினார். சொத்தெல்லாம் போய், ஊரை விட்டுத் துரத்தப்பட்டார். ஜெபிக்கக் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்ட மனிதர், எனக்குத் தெரிந்த மிக நல்ல பதிலைப் பெற்ற மனிதர், அவர் கதை இப்படி ஆனது. முதலில் இதை வாசித்தபோது எனக்கு மனம் உடைந்துபோயிற்று. ஜெபத்தைப் பற்றிப் பேசும்போது இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஜெபம் தாயத்து கிடையாது. முறையைக் கற்றுக்கொண்டவர் விழவே மாட்டார் என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை. ஆனால் இன்னொன்றையும் கவனித்தேன். விழுந்துபோன அந்தச் சிநேகிதரை லூத்தர் கைவிடவில்லை. உயிரைக் காப்பாற்றப் போய்ப் பேசினார். பிறருக்காகத் தேவனிடம் மன்றாடப் பழகியவர் மனிதரிடமும் மன்றாடுவார் என்பதை நான் அங்கேதான் பார்க்கிறேன்.

இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்துக்கு வருவோம். நாளுக்கு மூன்று முறை இதைச் சொல்லும் வழக்கம் ஆதித் திருச்சபையிலேயே இருந்தது. நாமோ ஆராதனையில் இதை ஒரே மூச்சில் ஓட்டிவிடுகிறோம். தமிழில் இதைச் சொல்லும்போது ஒரு அழகு இருக்கிறது. "எங்கள் பிதாவே" என்கிறோம், "நம் பிதாவே" என்பதில்லை. தேவனைப் பார்த்துப் பேசுவதால் அவர் அந்தக் கூட்டத்துக்குள் வரமாட்டார், எனவே "எங்கள்". சரி, அந்த "எங்களில்" வேறு யார் யார் இருக்கிறார்கள்? நான் தனி அறையில் கதவைப் பூட்டிக்கொண்டு சொன்னாலும் "என் பிதாவே" என்று சொல்ல இந்த ஜெபம் இடம் கொடுப்பதில்லை. "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்னும்போது வீட்டு வேலைக்கு வருகிற அக்காவின் அடுப்பும் அதற்குள் இருக்கிறது. அவர் சம்பளத்தை ஐந்தாம் தேதிக்குத் தள்ளிவைத்துவிட்டு ஒருவர் இந்த ஜெபத்தை முழுசாகச் சொல்லி முடிக்க முடியுமா?

எனக்கு நாக்கு தடுக்கிய இடம் அதற்கு அடுத்த வரி. கோயிலில் அதைக் "குற்றங்களை மன்னியும்" என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். மத்தேயுவில் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று இருக்கிறது. என் அண்ணனுக்கும் எனக்கும் ஊரில் பூர்வீக வீட்டைப் பாகம் பிரித்ததில் சுவர் விஷயமாகத் தகராறு. நான்கு அடி நிலம். இரண்டு வருடம் பேச்சு இல்லை. ஒருநாள் காலையில் இந்த வரியில் வந்து நின்றவன், "கடனாளி" என்ற வார்த்தையைத் தாண்ட முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒருவர் நான்கு அடி கடன்பட்டிருக்கிறார். அதைக் கையில் பிடித்துக்கொண்டு நான் எதைக் கேட்கிறேன்?

உடனே எழுந்து போய்க் கட்டிப்பிடித்தேன் என்று சொன்னால் அது பொய். அன்றைக்கு என்னால் முடிந்தது அவர் பேரைச் சொல்வது மட்டும்தான். வேண்டாவெறுப்பாக, தினமும், பேரை மட்டும் சொன்னேன். சில வாரங்கள் கழித்து அவருக்குச் சர்க்கரை வியாதி இருப்பது நினைவுக்கு வந்தது, அதற்காக ஜெபித்தேன். பிறகு காலில் புண் என்று கேள்விப்பட்டதும் அதற்காகவும் ஜெபித்தேன். புண்ணுக்காக ஜெபித்துக்கொண்டு போனில் விசாரிக்காமல் இருப்பது ஒரு கட்டத்தில் முடியாமல் போயிற்று. கூப்பிட்டேன். "என்னடா" என்றார். சுவர் இன்றும் அவர் கட்டிய இடத்தில்தான் நிற்கிறது. நாங்கள் பேசிக்கொள்கிறோம். சத்துருக்களுக்காக ஜெபியுங்கள் என்று இயேசு சொன்னபோது அதைப் பெரிய புனிதர்களுக்கான கட்டளை என்று நினைத்திருந்தேன். அது எனக்கும் அண்ணனுக்கும் நடுவில் வேலை செய்கிற கட்டளை என்று அப்போதுதான் புரிந்தது.

இனி, வேலைக்கு நடுவே ஜெபிப்பது. தானியேல் பாபிலோனில் பெரிய அரசாங்க உத்தியோகத்தில் இருந்துகொண்டே தினம் மூன்று வேளை முழங்காற்படியிட்டார். கத்தோலிக்க சகோதரர்களிடம் காலை, நண்பகல், மாலை மணியடிக்கும்போது சொல்கிற மூவேளைச் செபம் இருக்கிறது. மணிச்சத்தம் கேட்டதும் நெல் அறுக்கிறவர்கள்கூட நிமிர்ந்து நின்று சிலுவை அடையாளம் இட்டதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். புராட்டஸ்டண்டு சபைகளில் நாம் அதை விட்டுவிட்டோம் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. உங்களுக்கு மணி அடிக்க ஆள் இல்லை, ஆனால் நாளில் மாறாமல் வருகிற காரியங்கள் இருக்கின்றன. ரயிலில் ஏறுவது, கம்ப்யூட்டரைத் திறப்பது, டிபன் பாக்ஸைத் திறப்பது, வீட்டுக் கதவில் சாவி போடுவது. இவற்றில் இரண்டை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி ஜெபத்தைக் கட்டிவையுங்கள். வீட்டுக் கதவில் சாவி போடும்போது, "ஆண்டவரே, ஆபீஸ் களைப்பை இந்த வாசலுக்கு வெளியே வைக்க உதவும்" என்பது போதும். ஒரே நாளில் பத்து இடத்தில் ஆரம்பித்தால் மூன்றாம் நாள் எல்லாம் மறந்துபோகும்.

சமையலைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. பாரிசில் கார்மேல் மடம் ஒன்றில் சகோதரர் லாரன்ஸ் என்பவர் இருந்தார். முன்பு போர்வீரராக இருந்தவர், 1691-இல் இறந்தவர். மடத்தின் சமையலறையில் வருடக்கணக்கில் வேலை பார்த்தார், அதுவும் அவருக்கு இயல்பிலேயே பிடிக்காத வேலை. பாத்திரச் சத்தத்துக்கும் ஆளாளுக்கு ஒன்று கேட்கிற இரைச்சலுக்கும் நடுவே தேவனோடு பேசிக்கொண்டிருக்கப் பழகினார். அது ஒரே நாளில் வந்துவிடவில்லை, பல வருடம் மனம் அலைந்து அலைந்துதான் பழகியது. மனம் அலைந்தது தெரிந்ததும் தன்னையே நொந்துகொண்டு நிற்காமல் அப்படியே திரும்பி வந்துவிடுவாராம். உங்களைப்போல உறுத்தலில் சிக்கிக்கொள்கிறவர்கள் அவரிடம் கற்க வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு சின்ன விஷயம். சபை வாட்ஸ்அப் குழுவில் "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று யாராவது போட்டால், கைகூப்பும் படத்தை அனுப்புவதற்கு முன் அந்த இடத்திலேயே பத்து நொடி ஜெபித்துவிடுங்கள். பிறகு ஜெபிக்கிறேன் என்று நான் ஒத்திவைத்தவற்றில் பாதி மறந்தே போயிருக்கிறது.

கேட்டது கிடைக்காத நாட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் அம்மாவுக்குப் புற்றுநோய் வந்தபோது குடும்பமாக உபவாசித்து ஜெபித்தோம். பதினொரு மாதம். குணமாகவில்லை. விசுவாசம் போதவில்லை என்று சொன்னவர்களும் உண்டு. பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டார், முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று அவர்கள் சொல்வார்களா? அந்தப் பதினொரு மாதமும் ராத்திரி குடும்ப ஜெபம் அம்மாவின் கட்டிலைச் சுற்றித்தான் நடந்தது. எங்கள் ஜெபமெல்லாம் அம்மாவைச் சுற்றியே இருக்கும். அம்மா மட்டும் எதிர்வீட்டுப் பெண்ணின் கல்யாணத்துக்கும், தெருவில் வேலை இல்லாமல் இருந்த பையனுக்கும், தனக்கு ஊசி போட வருகிற நர்சின் கைக்குழந்தைக்கும் பேர் சொல்லி ஜெபிப்பார். ஐம்பது வருடம் அப்படி ஜெபித்துப் பழகிய மனது வலியிலும் அப்படியே நடந்துகொண்டது. ஜெபம் ஒரு மனிதரை எப்படி வடிவமைக்கும் என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தக் கட்டில்தான் கண்முன் வரும்.

உங்கள் காலைக்கே திரும்பி வருகிறேன். ஐந்து மணி ஜெபத்தை விடாதீர்கள், நீட்டவும் வேண்டாம். அதில் கடைசி மூன்று நிமிடத்தை ஏழு மணிக்கென்று ஒதுக்குங்கள். பிள்ளைகளின் பேர், அன்றைக்கு அவர்களுக்கு என்ன பரீட்சை, எதற்காக அழுவார்கள், எதில் நீங்கள் பொறுமை இழப்பீர்கள், எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கும்போது தலையில் கை வைத்து, அவர்கள் காதில் கேட்கும்படி ஒரே ஒரு வரி ஜெபியுங்கள். அன்றைக்கும் கத்திவிட்டீர்களானால், ராத்திரி ஜெபத்தில் தேவனிடம் அறிக்கை செய்வதற்கு முன்னால் பிள்ளையிடம் போய், "அம்மா காலையில் அப்படிப் பேசியிருக்கக் கூடாது, மன்னித்துக்கொள்" என்று கேளுங்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று இயேசு சொன்ன வரிசை அதுதான். பிள்ளை என்ன பதில் சொன்னது என்று எனக்கும் எழுதுங்கள். உங்கள் பெயரையும் பிள்ளைகளையும் என் வேதாகமத்தின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன்.